பெருகிப்போச்சு என்றாள்

ஓய்வு பெற்றவளை எழுதச் சொன்னால் நாலு சாதனைக் கதை வரும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று நினைத்து என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள். கை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அதில் கடைசி சில வருஷம் இந்தப் பிரிவில், நரம்பில் கம்பி வைத்துச் செயற்கைக் கைக்கு உணர்ச்சி கொண்டுவரும் இடத்தில் இருந்தேன். சாதனையெல்லாம் வரவேற்பறைச் சுவரில் போட்டோவாக மாட்டியிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் இல்லாத ஒருத்தியைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

கம்பியை எப்படி வைப்பது, எவ்வளவு மின்சாரம் விடுவது, எந்தப் பெட்டியில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு இரண்டு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் மின்சாரம் விட்ட பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறந்து ஏதோ சொல்வார் பாருங்கள், அதை எந்தப் பெட்டியும் உங்களுக்குப் பதிலாகக் கேட்டுச் சொல்லாது. அங்கேதான் நான் கவிழ்ந்தேன்.

முதலில் என்னுடைய படிவம் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நீங்கள் தினமும் நிரப்பிக்கொண்டிருக்கும் அதே படிவம்தான்.

நான் இந்தப் பிரிவுக்கு வந்த புதிதில் ஏனாத்தூர்க்காரர் ஒருவர் வருவார். நெல் அடிக்கும் மிஷினில் இடது கை போனவர். தங்கமான மனிதர். வரும்போதெல்லாம் தோட்டத்துக் கீரை ஒரு கட்டு கொண்டுவருவார். மின்சாரம் விட்டு, "தெரியுதுங்களா?" என்று கேட்பேன். "நல்லா தெரியுது மேடம்" என்பார். "எந்த விரல்?" "நீங்க சொல்ற வெரல்தான் மேடம்." ஒரு மாதம் இப்படியே போனது. தாள் தாளாக எழுதித் தள்ளினேன். எனக்கு மேலே இருந்த சீனியர் அம்மா ஒருநாள் பின்னால் வந்து நின்று கவனித்தார். குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இப்போது கேள் என்று கண்ணால் காட்டினார்.

"இப்ப தெரியுதுங்களா?"

"இப்பதான் மேடம் சூப்பரா தெரியுது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் உண்மையாகவே கலங்கிப்போனார். "பொய்யில்ல மேடம். நீங்க இவ்ளோ பாடுபட்றீங்க. மூஞ்சப் பாத்துக்கினு தெரியலன்னு எப்பிடி சொல்றது?" என்றார். ஒரு மாத வேலை குப்பைக்குப் போனது.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் படிவம். இனிமேல் யாரையும் கதை பேச விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு விரலுக்கும் மூன்றே கட்டம்: கூடியது, குறைந்தது, மாற்றமில்லை. சொல்வதைக் கேள், ஒன்றில் டிக் போடு, அடுத்த விரலுக்குப் போ. இன்ஜினியர்கள் கைதட்டாத குறைதான். எனக்கும் தலைகால் புரியாத பெருமை.

வேதவல்லி இதற்கெல்லாம் பிறகு வந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பெண், முப்பத்து மூன்று வயது. பாவு பிணைக்கிற வேலை. உங்களில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழை நுனியிலும் புதுப் பாவின் இழையை வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கி ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். கண்ணைவிட விரல்தான் அந்த வேலையைச் செய்யும். பட்டு முறுக்கேற்றும் மிஷினில் ஒருநாள் உதவிக்குப் போன இடத்தில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே எடுத்துவிட்டார்கள்.

எல்லாரையும் கேட்பதுபோல அவளையும் கேட்டேன்: "மறுபடியும் பாவு பிணைக்கணும்னு வந்திருக்கியா?"

"அத்த வுடுங்கம்மா. எடது கையால எதனா செஞ்சி பொழச்சிக்கலாம். இத்த மொதல்ல தொறந்து வுடுங்க."

"எதைம்மா?"

துண்டுக் கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். "மூடிக்கினே இருக்குது. நகம் உள்ளங்கையில குத்திக்கினே இருக்குது. ரெண்டு வருஷமா இப்பிடித்தான். வெட்டிவுட நகமும் இல்ல, விரிச்சிவுட வெரலும் இல்ல."

இல்லாத கை வலிப்பதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மிஷினில் மாட்டிய நொடியில் அவள் விரல்களை இறுக மூடியிருக்கிறாள். கை போய்விட்டது, அந்த மூடிய முஷ்டி மட்டும் அவள் மூளையில் அப்படியே தங்கிவிட்டது. மாத்திரை, மருந்து, கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி, வேண்டுதல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தூக்கமே கிடையாது. கூட வந்திருந்த மாமியார், "ஒரு நாளு அம்மிக் கொழவிய எடுத்து அந்தக் கையையே இடிச்சிக்கினாம்மா" என்றார். சொல்லும்போது அவர் குரலில் அழுகைகூட இல்லை, அலுத்துப்போயிருந்தார்.

வேதாவுக்கு இரண்டு கம்பி வைத்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிற நரம்பில் ஒன்று. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போகிற நரம்பில் இன்னொன்று. காயம் ஆறி, முதன்முதலாக மின்சாரம் விட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் விட்டோம். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வேதா, என்ன தெரியுது?"

"விரியுதும்மா."

"எது?"

"சுண்டுவெரல். தானா விரியுது. இன்னம் கொஞ்சம் வுடுங்க. ஐயோ, அத்த நிறுத்தாதீங்கம்மா."

பிறகு அடுத்த கம்பியிலும் விட்டோம். ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையை விட்டு எழுந்ததாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தலையைச் சாய்த்தாள். சோதனை நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். எனக்கு அன்றைக்கு எடுத்தே ஆக வேண்டிய அளவுகள் ஒரு கத்தை இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர்கள் எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று கையை ஆட்டினார்கள். நான் திரையை இழுத்து மூடிவிட்டேன். அவள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தூங்கினாள். "இது ஆராய்ச்சி மையமா, சத்திரமா?" என்று மேலதிகாரி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கட்டும். இந்த வேலையில் நான் யோசிக்காமல் எடுத்து, சரியாக இருந்த முடிவு அது ஒன்றுதான்.

அடுத்த மூன்று மாதம் அவள் வேறு ஆளாக இருந்தாள். செயற்கைக் கையின் விரல் நுனியில் எது பட்டாலும் அது கம்பி வழியாக நரம்புக்குப் போகும். "இட்லிய எடுத்தா இப்பல்லாம் பிஞ்சி போறதில்லம்மா, எவ்ளோ அழுத்தணும்னு தெரியுது" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் எங்களுக்குத்தான் அந்த இட்லி பெரிசு, அவளுக்கு இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "இது திரும்ப மூடிக்காது இல்ல?" மூடாது என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல நான் யார்?

நாலாம் மாதம். அன்றைக்கு வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பிரிவைப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாரும் புது உடுப்பில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தோம். வேதாவைப் பதினைந்து நிமிடத்தில் முடித்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அவள் வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள்: "ஆள்காட்டி வெரல் பக்கம் நேத்து பெருகிப்போச்சும்மா."

நாலாம் மாதம், ஐந்தாம் மாதத்தில் உணர்ச்சி கூடும் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். மூளை பழகப் பழக அப்படி ஆகும் என்பது எங்கள் நம்பிக்கை. பெருகினால் கூடியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டிக் போட்டேன்.

"ரொம்ப நல்லது வேதா!" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நல்லதாம்மா?"

"பின்ன? இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தோம்."

"கொஞ்சம் வலிக்குதும்மா."

"இருக்கும். போகப் போகச் சரியாயிடும். பொறுத்துக்கோ."

சரி என்று தலையாட்டினாள். கூடியது என்று விழுந்தால், நரம்பு சோர்ந்துவிடாமல் இருக்க அந்தக் கம்பிக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுப்பது எங்கள் முறை. மின்சாரத்தை நிறுத்திவிடுவோம், வாராந்திரச் சோதனையும் அந்தக் கம்பிக்கு இருக்காது. அதாவது, ஏதாவது கெட்டிருந்தால் கூப்பாடு போட்டிருக்க வேண்டிய இயந்திரத்தின் வாயை என் டிக்கே கட்டிவிட்டது. அவளை அனுப்பிவிட்டு, வந்திருந்த பெரிய மனிதர்களுக்கு நான்தான் காபி கொண்டுபோனேன்.

பன்னிரண்டாம் நாள் காலை அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. முழங்கையிலிருந்து மேலே தோள்வரை வீங்கி மினுமினுத்தது. "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன். மாமியார்தான் பதில் சொன்னார்: "வலிக்குதுடி, போலாம் வாடின்னு நான் தெனம் சொன்னேன். அந்தம்மா பொறுத்துக்க சொல்லிக்கிறாங்கன்னு இவ அசையவே இல்ல."

அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். கம்பியைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கிறது, உடனே திறக்க வேண்டும். எந்தக் கம்பி என்பதுதான் கேள்வி. கை முழுவதும் வீங்கியிருந்ததால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முடியைவிட மெல்லிய கம்பி, எக்ஸ்ரேயில் முறிவு தெரியாது. காய்ச்சலோடு மின்சாரம் விட்டுப் பார்க்கவும் கூடாது. கையில் இருந்தது என் படிவம் ஒன்றுதான். அவர் அதை எடுத்துப் படித்தார். "ஆள்காட்டிப் பக்கம் உணர்ச்சி கூடியிருக்கு, அப்ப அந்தக் கம்பி நல்லாத்தான் இருக்கு. கெட்டது இந்தப் பக்கம்" என்று சுண்டுவிரல் பக்கத்து நரம்பைக் காட்டினார். எனக்கும் சரியாகவே பட்டது. தலையாட்டினேன்.

வேதாவைத் தள்ளுவண்டியில் ஏற்றியாகிவிட்டது. அரை மயக்கத்தில் கிடந்தாள். நகை நட்டு ஏதும் இருந்தால் கழற்றித் தரும்படி நர்ஸ் கேட்டாள். மாமியார் சொன்னார்: "வெறும் மஞ்சக் கயிறுதான் சிஸ்டர். பழசு போன வாரம் பெருகிப்போச்சு, இப்பதான் புதுசு கட்னோம்."

அந்த நர்ஸ் கேரளத்துப் பெண். "பெருகிப்போச்சா? பெரிசாயிடுச்சா?" என்றாள்.

"ஐய, அதில்ல சிஸ்டர். தாலிக்கயிறு அறுந்துச்சுன்னு வாயால சொல்லலாமா? பெருகிப்போச்சுன்னுதான் சொல்லணும். எங்க வூட்ல தறியிலயும் அப்பிடித்தான். முகூர்த்தப் பட்டு ஏத்தியிருந்தா, இழை அறுந்தாலும் அந்த வார்த்தை வாயில வரக்கூடாது."

 சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தெரியாத வார்த்தை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் முசரவாக்கத்தில் பிறந்தவள். எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தாலிக்கயிறு அறுந்தாலும் பெருகிப்போச்சு என்றுதான் சொல்வார்கள். வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் அம்மாவின் ஜெபமாலை ஒருமுறை கையிலேயே அறுந்து மணியெல்லாம் உருண்டோடியபோது, "ஏசுவே, பெருகிப்போச்சே" என்றுதான் அம்மா பதறினார். அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்த காதுதான் இது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று கட்டம் போட்ட தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் செவிடாகிவிட்டது. ஒரு பெண் தன் கைக்குள் ஓடும் கம்பி அறுந்துவிட்டது என்கிறாள். அமங்கலமாகச் சொல்லக் கூடாதே என்று நல்ல வார்த்தை போட்டுச் சொல்கிறாள். நான் ரொம்ப நல்லது என்கிறேன்.

இனிமேல் வருவதை நான் இதுவரை ஒரே ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

தள்ளுவண்டி ஆபரேஷன் அறைக்குள் போனது. நான் அப்போதே டாக்டரின் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் அறைக்குப் போனேன். எதற்கும் அன்றைய படிவத்தை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க அதில் என்ன இருந்தது? ஒரு டிக். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால், எல்லார் முன்னாலும் போய் நின்று உளறியதாக ஆகுமே என்று யோசித்தேன். சரியாக இருந்தால் என் பெயர் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை. சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போனது.

பிறகு எழுந்து ஓடினேன். கைகழுவி, உடுப்பு மாற்றி, உள்ளே நுழைந்தபோது டாக்டர் குனிந்து வேலையில் இருந்தார்.

"டாக்டர், அறுந்திருக்கறது ஆள்காட்டிப் பக்கத்துக் கம்பி. ரெண்டு வாரமா அறுந்திருக்கு."

அவர் நிமிர்ந்தார். "சீட்டுல கூடியதுன்னு இருக்கே."

"நான் தப்பா எழுதிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்திலிருந்த தட்டைக் காட்டினார். சுண்டுவிரல் பக்கத்துக் கம்பி அதில் கிடந்தது. சுத்தமாக, ஒரு பொட்டுச் சீழ் இல்லாமல். அதை அவர் எடுத்து முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சீழ் பிடித்த கையில் ஒருமுறை எடுத்ததை மறுபடி வைக்க முடியாது. அந்தக் காயத்தை மூடிவிட்டு அடுத்த பக்கம் திறந்தார். அறுந்த முனை நரம்புக்குள் குத்திக்கொண்டு, சுற்றிலும் சீழாக இருந்தது. அதையும் எடுத்தார்கள்.

உடனே போய்ச் சொல்லியிருந்தால் ஒரு கம்பி பிழைத்திருக்கும். மோதிரவிரலும் சுண்டுவிரலுமாவது விரிந்தே இருந்திருக்கும். டாக்டருக்கு இது இன்றுவரை தெரியாது. அவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

காய்ச்சல் இறங்கிய மூன்றாம் நாள் காலை வார்டுக்குப் போனேன். வேதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "மூடிக்கிச்சும்மா."

விசாரணை என்று ஒன்று நடந்தது. கம்பியின் தரத்தைப் பற்றிப் பேசினார்கள். கட்டுப் போட்ட விதத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் தவறாகக் குறித்ததை ஒப்புக்கொண்டேன், நோயாளி தெளிவாகச் சொல்லவில்லை என்று யாரோ அதை மாற்றி எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அந்த இருபது நிமிடமும் வெளியே வந்திருக்கும். தெளிவாகச் சொல்லவில்லையாம்! அதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? "அப்படின்னா என்னம்மா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். ஒரு நிமிடத்து வேலை. அன்றைக்கு அறுந்த கம்பியை மட்டும் சின்னக் கீறலில் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கலாம், நரம்பும் கெட்டிருக்காது.

படிவத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நோயாளி சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுத ஓர் இடம் விடுங்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். புரிந்தது என்று தோன்றுகிற வார்த்தையைத்தான் முக்கியமாக எழுதுங்கள். புரியாததை எப்படியும் கேட்டுவிடுவீர்கள். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு சரிபார்க்கப் போகாதீர்கள். நேராக ஓடுங்கள். இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் வேதாவின் வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவள் வீட்டு வாசலில் பாய்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியைத் துண்டுக் கையில் சுற்றியிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, இடது கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெருகிப்போச்சு என்று நீ சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும், தெரிந்த பிறகும் அறையில் உட்கார்ந்திருந்ததையும், எதையும் மறைக்காமல் சொன்னேன். அடிப்பாள், விரட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் அறுந்துபோச்சுன்னுதாம்மா சொன்னேன். நீங்க நல்லதுன்னீங்க. இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்னு வேற சொன்னீங்க. சரி, கம்பி அறுந்தாத்தான் கை தானா விரிஞ்சி நிக்கும் போலக்குதுன்னு நெனச்சிக்கினேன். வலிக்க வலிக்க சந்தோசமா இருந்துச்சும்மா. நல்லதுக்குத்தானே வலிக்குதுன்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுக் கேட்டாள்: "இன்னொரு தபா வெப்பாங்களாம்மா? சுண்டுவெரலு ஒண்ணாவது போதும்."

கம்பிகளை முழுதாக எடுத்துவிட்டவருக்கு மறுபடி வைப்பதில்லை என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் இரண்டு நரம்பும் தழும்பேறிப்போய்விட்டன, இனி எந்தக் கம்பியும் அங்கே பேசாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

"கேட்டுச் சொல்றேன் வேதா" என்றேன்.

மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். சுகமா, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, "கேட்டீங்களாம்மா?" என்பாள். பெரிய டாக்டர் ஊரில் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். புது மிஷின் வருகிறதாம் என்று ஒருமுறை சொன்னேன். "சரிம்மா, நான் பொறுத்துக்கினு இருக்கறேன்" என்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்று காலையில்கூட வந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. அடுத்த முறை எடுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போன முறையும் இப்படித்தான் நினைத்தேன்.